கோபத்துக்கு வேளைக்கு மூன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன்காரனின் வலது மணிக்கட்டு உடைந்தது. உடைத்தவள் அவன் பெண்டாட்டி. கோழி வெட்டும் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் தடித்த முதுகால் ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சும்மா, காது மூக்கு வைத்துச் சொல்வது. கேட்டது வேன்காரன் போட்ட கூச்சல். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் அடி விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதுவரை வாங்கிக்கொண்டிருந்தவள் சத்தம் போட மாட்டாள். அதனால் அக்கம்பக்கத்துக்கு அன்றுதான் முதல் தடவையாக விஷயம் தெரிந்தது, அதுவும் தலைகீழாகத் தெரிந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறைச்சிச் சந்தைக்குள் நுழைந்தால் இடது பக்கம் நான்காவது கடை. வெள்ளை ஓடு பதித்த சுவர், தரையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாய், இரண்டு மரக்கட்டைகள். ஒரு கட்டைக்கு முன்னால் மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பையன் நிற்பான். இன்னொன்று அவளுடையது. பதினோரு வருஷமாக அங்கே நிற்கிறாள். வெட்டுக்காரி என்றால் சந்தையில் அது அவள் ஒருத்திதான். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் சொந்தக் கத்தி. ஒரு கோழியைப் பன்னிரண்டு துண்டாக்க அவளுக்கு ஒரு நிமிஷம் வேண்டாம். மொட்டை வியர்க்க விறுவிறுக்க ஓங்கி ஓங்கிப் போடுவான். அவள் கத்தியை ஓங்கவே மாட்டாள்.

"எப்படிக்கா இது? உன் கையில தெம்பே இல்ல, ஆனா கோழி தானா பிரிஞ்சு வருது" என்று அவன் கேட்டால், "மூட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சா தெம்பு எதுக்குடா?" என்பாள். அவள் ஒரு நாளில் பேசும் மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று முதலாளியே சொல்வார்.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. கத்தியை யாரும் யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். கட்டை மேல் வைத்து, கைப்பிடியை அடுத்தவர் பக்கம் திருப்பி விடுவார்கள். திருப்பி வைத்தால் 'இனி இது உன் பாடு' என்று அர்த்தம். எடுத்தவன் வேலையை முடிக்க வேண்டும். முடிக்க முடியாதவன் அதைத் தொடக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

இனி வேன்காரன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றுவான், மூன்று மணிக்குத் திரும்ப இறக்குவான். "கண்ணா, பார்த்து ஏறுப்பா", "தங்கம், தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கொஞ்சுவான். சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும். ஏறிய பிள்ளைக்கு அட்டையில் ஒரு கோடு, இறங்கிய பிள்ளைக்கு ஒரு கோடு. ஒரு நாள்கூட ஒரு கோடு தவறியதில்லை. தங்கமான மனுஷன் என்று அத்தனை தாய்மாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தங்கம் வீட்டுக்கு வந்து என்ன செய்யும் தெரியுமா? குளியலறையில் தொங்கும் துண்டை நனைத்து, முறுக்கி, நீர் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு வரும். நனைந்த துண்டால் அடித்தால் தோல் கிழியாது, ரத்தம் வராது, தழும்பும் விழாது. நாசமாய்ப் போகிறவன், இதை யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறான் பாருங்கள்.

துண்டுக்கு வருவதற்கு முன்னால் அவன் காலைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தான். மகள் வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது, சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று ஒரு உதை. அவள் சமையல் மேடையில் மோதி விழுந்தாள். ரத்தம் நிற்காமல் போனது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது, தாய்க்கு நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். படியில் வழுக்கிவிட்டாள் என்று வேன்காரன் டாக்டரிடம் அழுதுகொண்டே சொன்னான்.

அந்த நான்கு பாட்டிலில் ஏதோ ஒன்றில் கிருமி இருந்திருக்கிறது. பதினான்கு வருஷம் அது அவள் கல்லீரலுக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தது, அவளைப் போலவே. சந்தையில் வேலை செய்கிறவர்களுக்கு உரிமம் புதுப்பிக்க ரத்தப் பரிசோதனை செய்தபோது பிடிபட்டது. ஹெபடைடிஸ் சி. மஞ்சள் காமாலை வகையறா, ஆனால் கமுக்கமாகக் கல்லீரலைத் தின்கிற வகை.

"எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களாம்மா?" என்று கல்லீரல் டாக்டர் கேட்டார். சின்ன வயசுப் பெண் டாக்டர், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவார்.

"பிள்ளை பொறக்கறப்ப."

"ஏன், அப்ப என்ன ஆச்சு?"

"படியில வழுக்கிட்டேன்" என்றாள் வெட்டுக்காரி.

இப்போதெல்லாம் இந்த நோய்க்கு மூன்று மாதம் மாத்திரை தின்றால் போதும் என்கிறார்கள். அப்போது ஊசிதான். வாரம் ஒன்று, நாற்பத்தெட்டு வாரம், கூடவே காலையும் மாலையும் கேப்ஸ்யூல். ஊசி போடும் நர்ஸ் பருத்த உடம்புக்காரி, வாய் ஓயாது. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"போட்ட அன்னைக்குக் காய்ச்சல் தூக்கிப் போடும். முடி கொட்டும். சாப்பாடு பிடிக்காது. எரிச்சல் எரிச்சலா வரும், கண்டபடி கோபம் வரும். அதுக்காக ஊசியை நிறுத்திடாதீங்க. வீட்டுல இருக்கறவங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும், என்ன?"

"எங்க வீட்டுல ரொம்பப் பொறுமைங்க" என்றாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேன்காரன் ஆமாம் என்று தலையாட்டினான்.

மூன்று மாதம் காய்ச்சலும் நடுக்கமுமாகப் போயிற்று. நான்காவது மாதத்தில் வேறு என்னவோ ஆரம்பித்தது. பசித்தது. அகோரப் பசி. ஆனால் உடம்பு கரைந்துகொண்டே போனது. நெஞ்சு எப்போதும் ஓடி வந்தவள் மாதிரி அடித்துக்கொண்டது. ஐஸ் கட்டி நிரம்பிய கடையில் நின்றுகொண்டு வியர்த்துக் கொட்டினாள். கண் இரண்டும் முழித்து முழித்துப் பார்த்தன. அப்புறம் கோபம். அப்பப்பா, அது என்ன கோபம்! தொடைக்கறி போதவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் அம்மா நான்காவது தடவை சொன்னதும், "அப்ப நாலு கால் கோழிக்கு ஆர்டர் கொடுத்துட்டு வா!" என்று முழுக் கோழியைத் தூக்கி அந்த அம்மா மார்பில் எறிந்துவிட்டாள். மொட்டை வாயைப் பிளந்து நின்றான். அவளுக்கே அவளைத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தன் கையையே பார்த்துக்கொண்டு போனாள்.

கை நடுங்கியது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு தடவையும் வெட்டிக்கொள்ளாதவள், கத்தியைக் கழுவும்போது வலது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். அவள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று முதலாளிக்கு மட்டும் தெரியும். காரணம் சொல்லாமல் அன்றைய சரக்கு முழுவதையும் குப்பையில் கொட்டச் சொன்னார். கட்டை முதல் தரை வரை பிளீச்சிங் போட்டுத் தேய்த்தார்கள். அவள் தன் கத்தியை எடுத்துக் கட்டை மேல் வைத்து, கைப்பிடியை மொட்டை பக்கம் தானே திருப்பினாள்.

"அக்கா, வேணாம்க்கா" என்றான் அவன்.

"எடுடா."

அவன் எடுத்தான். அவளைத் தராசுக்கு மாற்றினார்கள். எல்லாம் ஊசி செய்யும் வேலை, ஊசி முடிந்தால் சரியாகிவிடும் என்று அவளும் நம்பினாள், நர்ஸும் நம்பினாள். இது ஊசிக்குப் பிறந்த வேறு ஒரு வியாதி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கூட்டம் பிதுங்கியது. நின்று நின்று காலோய்ந்து வீட்டுக்கு வந்தாள். மொட்டைக்கு விட்டுக்கொடுத்திருந்த தன் கத்தியைச் சாணை பிடிப்பதற்காகத் துணியில் சுற்றிப் பையில் எடுத்து வந்திருந்தாள். வேன்காரன் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"இது என்ன, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு? சூடு பண்ணி வைக்கத் துப்பில்ல?"

"இதோ பண்றேங்க."

"இதோவாம் இதோ!" எழுந்து வந்து கொத்தாக முடியைப் பிடித்தான். ஊசியால் கொட்டிப் போயிருந்த முடி பாதி அவன் கையோடு வந்தது. மீதியைப் பிடித்து அவள் தலையைப் பிரிட்ஜ் கதவில் மோதினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது மோதலுக்கு முன் அவள் கை பைக்குள் போய்விட்டது.

துணியை உதறிய ஞாபகம் அவளுக்கு இல்லை. கத்தியின் முதுகு அவன் மணிக்கட்டில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு கையைப் பிடித்தான். அவள் நிறுத்தவில்லை. தோளில் ஒன்று, முழங்காலில் ஒன்று. "அடிடா! இப்ப அடிடா! துண்டை எடுத்துட்டு வாடா!" டிவியில் ஒன்று போட்டாள், திரை சிலந்தி வலையாக விரிந்தது. தட்டுகளைச் சுவரில் எறிந்தாள். அவன் பனியனும் லுங்கியுமாகப் படியில் உருண்டு இறங்க, அவள் பின்னால் ஓட, கீழ்வீட்டு ஆண்கள் மூன்று பேர் சேர்ந்து அவளைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் கையில் அவள் உடம்பு முழுவதும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் வேன்காரன் கையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கல்லீரல் டாக்டர் அவளைப் பார்த்தார். நாடியைப் பிடித்தார், கையை நீட்டச் சொன்னார், விரல் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று ஆடியது. ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. இந்த ஊசி உங்க உடம்பைக் கிருமியோட சண்டை போடச் சொல்லி உசுப்பி விடுது. சில பேருக்கு அந்தச் சண்டையில உடம்பு இந்தச் சுரப்பியையும் சீண்டிடும். உங்களுக்கு அது இப்ப அளவுக்கு மேல சுரக்குது. படபடப்பு, நடுக்கம், கோபம் எல்லாம் அதனாலதான். நான் முன்னாடியே டெஸ்ட் எடுத்திருக்கணும். தப்பு என்னோடது."

"அப்ப இவ வேணும்னு பண்ணலையா டாக்டர்?" என்றான் வேன்காரன்.

"இவங்களுக்கு வந்த கோபத்துல பெரும் பங்கு தைராய்டுதான்."

அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பதினைந்து வருஷமாக அடித்தவன் ஒரு நாள் அடி வாங்கி, ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய இடத்துக்கு வந்து நின்றான். டாக்டர் வாயால் தப்பித்துக்கொண்டான். அவள்? மாவுக்கட்டைத் தொட்டுத் தொட்டு அழுதாள். "என்னை மன்னிச்சிடுங்க. நான் இல்லைங்க அது. நோய்ங்க அது." எனக்கு அதைச் சொல்லவே வயிறு எரிகிறது.

காலை ஒன்று, இரவு ஒன்று என்று தைராய்டை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் காகித உறை மேல் கோடு போட்டுத் தருவார்கள்: சூரியன் படத்துக்குக் கீழே ஒரு நீலக் கோடு, நிலாப் படத்துக்குக் கீழே ஒரு நீலக் கோடு. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். ஊசி தொடர்ந்தது.

வேன்காரன் ஊரெல்லாம் சொன்னான். சந்தைக்கே வந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னான். "பாவம் அவ, தைராய்டு. நான்தான் பொறுத்துப் போகணும்." பிள்ளைகளின் தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றே வாரத்தில் அவள் நடுக்கம் குறைந்தது. முதலாளி அவளைத் தராசிலிருந்து மறுபடி கட்டைக்கு விட்டார், கத்தியும் அவளிடமே திரும்பி வந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் வேன்காரன் பழக்க தோஷத்தில் கையை ஓங்கினான். அவள் ஒன்றும் செய்யவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் கை தானாக இறங்கிவிட்டது. அந்தப் பார்வை அவனை அரித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் மருந்து வாங்க அவனே போனான். புது உறையை மேஜையில் வைத்தான். சூரியனுக்குக் கீழே மூன்று கோடு, நிலாவுக்குக் கீழே மூன்று கோடு.

"டாக்டர் கூட்டிட்டாங்க. உன் கோபம் இன்னும் முழுசா அடங்கலையாம்."

"மூணா?"

"படிச்சவங்களுக்குத் தெரியாதா? முழுங்கு."

அவள் முழுங்கினாள். காலையில் மூன்று, இரவில் மூன்று. தண்ணீரும் மாத்திரையும் அவனே எடுத்து வந்து, அவள் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனான். ஆறாவது வாரம் ரத்தம் கொடுக்கும் நாளை, டாக்டர் லீவு, அடுத்த மாதம் வரச் சொன்னார்கள் என்று தள்ளிப் போட்டான். வாராவாரம் ஊசிக்கு அவளைக் கூட்டிப்போனான்.

"முகம் என்ன இப்படி ஊதியிருக்கு?" என்று நர்ஸ் கேட்டபோது, "சரியாத் தூங்கறதில்லைங்க" என்று அவனே பதில் சொன்னான்.

"இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா" என்றாள் நர்ஸ்.

தூங்காமல் என்ன? பகலெல்லாம் தூங்கினாள். நின்றுகொண்டே தூங்கினாள். எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கும்போது அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். முகமும் கண் இமையும் வீங்கின, குரல் ஆண்பிள்ளைக் குரல் மாதிரி தடித்தது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர ஒரு யுகம் ஆகும். ஒரு கோழிக்கு ஐந்து நிமிஷம் எடுத்தாள். கை மட்டும் நடுங்கவில்லை.

வேன்காரனுக்கு அவள் பழையபடி ஆகிவிட்டாள். பழையபடி என்ன, இன்னும் சௌகரியமாக ஆகிவிட்டாள். துண்டு மறுபடி நனைந்தது. முன்பெல்லாம் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். இப்போது மறைக்கக்கூட அவள் கை நேரத்துக்கு எழும்பவில்லை. முதுகில், தோளில், தொடையில் விழுந்ததை எல்லாம் தூக்கக் கலக்கத்தில் வாங்கினாள். ஏன் எனக்குக் கோபம் வரவில்லை என்று யோசிப்பாள். நோய் போய்விட்டது, அதனால் வரவில்லை என்று தானே பதில் சொல்லிக்கொள்வாள். இத்தனை நாள் தனக்குள் இருந்த ஒரே ஒரு கோபமும் இரவல் கோபம்தான் போலிருக்கிறது என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை காலை, மகள் நடுவில் வந்தாள். பதினான்கு வயதுப் பெண். "அப்பா, விடுங்கப்பா, அம்மாவுக்கு முடியலப்பா" என்று துண்டைப் பிடித்தாள். வேன்காரன் துண்டை விட்டுவிட்டுக் கையை வீசினான். உள்ளங்கை முழுசாகக் காதோடு சேர்த்து விழுந்தது. மகள் சுவரில் மோதிச் சரிந்தாள், காதைப் பொத்திக்கொண்டு, சத்தமே போடாமல். தாயைப் போலவே சத்தம் போடாமல். அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டான்.

அன்று ஊசி நாள். முதல் தடவையாக அவள் தனியாகப் போனாள். நர்ஸ் ஊசியை எடுத்தாள், கீழே வைத்தாள்.

"இங்க பாரு, நான் இருபது வருஷமா ஊசி போடறேன். உன் மூஞ்சி சரியில்ல. என்ன மாத்திரை சாப்பிடற, காட்டு."

அவள் பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"வேளைக்கு மூணா சாப்பிடற?"

"டாக்டர் கூட்டிட்டாங்கன்னு..."

"எந்த டாக்டர் கூட்டினாங்க? எங்க ஆஸ்பத்திரிப் புத்தகத்துல ஒண்ணுன்னுதான் எழுதியிருக்கு. இங்க பாரு, முதல் கோடு நீலம். மத்த ரெண்டும் சிவப்பு. எங்க மருந்துக் கவுண்டர்ல சிவப்புப் பேனாவே கிடையாது!"

வெட்டுக்காரி உறையை வாங்கிப் பார்த்தாள். அந்தச் சிவப்புக் கோடுகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். கீழே லேசாக வளைந்திருக்கும், ஒரே உயரம், ஒரே இடைவெளி. பிள்ளைகள் ஏறியதற்கும் இறங்கியதற்கும் வேன் அட்டையில் இருக்கும் அதே கோடு. கூடுதல் மாத்திரையை வெளிக்கடையில் காசு போட்டு வாங்கியிருக்கிறான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் பெண்டாட்டிக்கென்று அவன் ஆசையாக வாங்கிவந்த பொருள் அது ஒன்றுதான்.

ரத்தம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார்.

"இந்த மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க. ஒண்ணுகூட வேணாம். உங்க தைராய்டு இப்ப சுத்தமா படுத்துடுச்சு. இன்னும் ஒரு மாசம் இப்படியே போயிருந்தா நீங்களும் படுத்திருப்பீங்க. இதுக்கு நேர் எதிரான மாத்திரை எழுதறேன், நாளைக் காலையில இருந்து சாப்பிடுங்க."

"டாக்டர்... அப்ப எனக்கு இப்ப கோபம் வராதா?"

"இந்த அளவுல படியேறவே தெம்பு இருக்காதும்மா. கோபத்துக்கு எங்க போறது?" டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார். "ஏன் கேக்கறீங்க? வீட்டுல என்ன நடக்குது? அன்னைக்கு நிஜமாவே படியிலதான் வழுக்கினீங்களா?"

"இல்ல" என்றாள் வெட்டுக்காரி. "உதைச்சாரு."

எழுதிக் கொடுக்கிறேன், போலீசுக்குப் போங்கள் என்றார் டாக்டர். போகிறேன், முதலில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள் அவள். சந்தைக்குப் போய்த் தன் கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மாடி ஏற அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். வேன்காரன் வீட்டில் இருந்தான். மூன்று மணி டிரிப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. மகள் காதில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வெட்டுக்காரி உறையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இந்தச் சிவப்புக் கோடு யாரு போட்டது?"

அவன் உறையைப் பார்த்தான். ஒரு கணம் திகைத்தான், உடனே சிரித்தான். "உன் நல்லதுக்குத்தான்டி. கோபம் அடங்கிச்சா இல்லையா?"

"நான் செத்திருப்பேன்."

"செத்தா போயிட்ட? குத்துக்கல்லாட்டம் நிக்கறியே!" என்று புறங்கையால் வாயில் ஒரு அறை விட்டான். அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. மகள் ஓடி வந்தாள்.

"கிட்ட வராத! ரத்தத்தைத் தொடாத!" என்று தடித்த குரலில் தடுத்தாள்.

வேன்காரனும் ஓரடி பின்வாங்கித் தன் புறங்கையை அவசர அவசரமாகச் சட்டையில் துடைத்தான். நோய் தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு அவள் ரத்தம் என்றால் குலை நடுங்கும். அவள் மெதுவாக எழுந்தாள். மேஜையைப் பிடித்து எழுந்தாள். பையைத் திறந்தாள், துணியைப் பிரித்தாள். எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போல நிதானமாக நடந்தது. கத்தியைத் திருப்பி முதுகுப் பக்கமாகப் பிடித்தாள். நெஞ்சு படபடக்கவில்லை. வியர்க்கவில்லை. கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், அது அசையாமல் இருந்தது.

"ஏய்... ஏய், மறுபடி ஏறிடுச்சுடி உனக்கு! மாத்திரை! அந்த மாத்திரையை எடுத்துட்டு வாடி!" என்று மகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே கத்தியைப் பிடுங்க வலது கையை நீட்டினான்.

அவள் ஓங்கவில்லை. ஓங்குவதற்குத் தெம்பும் இல்லை. போன தடவை எலும்பு கூடிய இடம் எது என்று அவளுக்குத் தெரியும். கத்தியின் முதுகை அந்த இடத்தில் இறக்கினாள். அவன் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்து ஊளையிட்டான். எழுந்திருக்கப் பார்த்தான், முழங்கையில் ஒன்று வைத்தாள். இடது கையால் அவள் காலைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். அந்த விரல் முட்டிகளில் ஒன்று வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வரும்வரை நின்றாள், பிறகு அடித்தாள்.

மகள் மாத்திரை அட்டையைக் கொண்டு வந்து நீட்டினாள். வெட்டுக்காரி அதைக் கையில் வாங்கவில்லை.

"எனக்கு இல்ல. உங்கப்பாவுக்கு. சூரியனுக்குக் கீழ எத்தனை கோடு இருக்கு?"

"மூணும்மா."

"மூணு உரிச்சு வை."

மகள் மூன்றை உரித்து அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

"பதினஞ்சு வருஷமா இந்த வீட்டுல கோபம் யாருக்கு?" என்றாள் வெட்டுக்காரி. "எனக்கா? உனக்கா?"

கல்யாணமான நாள் முதல் வாங்க, போங்க என்றே பேசியவள், நிதானத்தில் இருக்கும்போது அவனை 'உனக்கு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அவள் முகத்தையே பார்த்தான். போன தடவை பார்த்த முழித்த கண்ணும் ஆடும் உடம்பும் இல்லை. வீங்கின முகம், அமைதியான கண், உதட்டில் ரத்தம்.

"முழுங்கு."

முழுங்கினான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"வாயைத் திற."

திறந்து காட்டினான்.

அவள் கத்தியை மேஜை மேல் வைத்தாள். கைப்பிடியை அவன் பக்கம் திருப்பினாள். வேன்காரனுக்குச் சந்தை வழக்கம் தெரியாது. மகளுக்குத் தெரியும், அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கினாள். கத்திக்கும் அவனுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவன் கைப்பிடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போனான்.

"அம்மா" என்றாள் மகள். "இதுவும் தைராய்டாம்மா?"

வெட்டுக்காரி பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். "நீயே படிச்சுப் பாரு."

மகள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தைராய்டு சுரப்பு என்ற இடத்தில் நின்றாள். அதற்கு எதிரே 'மிகக் குறைவு' என்று எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு, காகிதத்தை மடித்து, பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், உறையும் சேர்த்து. அப்புறம் நாற்பத்தெட்டு ஊசியும் முடிந்து கிருமி ஒழிந்தது. தைராய்டுதான் திரும்பி வரவில்லை; சாகும்வரை தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதை அவளே எடுத்து அவளே போட்டுக்கொள்கிறாள். வேன்காரன் வேறு எங்கேயோ ஓட்டுகிறானாம். வலது கை முழுசாக மடங்குவதில்லை என்று கேள்வி.

சம்பவத்துக்கு மறுநாள் அவள் வேலைக்கு வந்தபோது சந்தைக்கே விஷயம் தெரிந்திருந்தது. மொட்டை தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அக்கா, மறுபடி தைராய்டு ஏறிடுச்சா?"

"இல்லடா. இறங்கியிருந்துச்சு" என்றாள்.

 அவன் தன் கத்தியைக் கட்டை மேல் வைத்து, கைப்பிடியை அவள் பக்கம் திருப்பிவிட்டான்.